மேலூர்க்காரர் விற்ற கிராபிக்ஸ் கார்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நானும் என் கணவரும் லாரி ஓட்டுவோம். அவர் வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே அன்று விடுமுறை. நான் திருமங்கலத்தில் கல்லூரி அலுவலக வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டுக் கணினி முன் உட்காருவேன். விளையாட்டில் ஆளுக்கொரு லாரியை எடுத்துக்கொண்டு, ஹெட்செட்டில் பேசியபடியே போவோம். வீட்டு விஷயங்களையெல்லாம் அந்த ரோட்டில்தான் பேசி முடிப்பது. விளையாட்டைப் புதுப்பித்ததும் என் பழைய கணினி திணற ஆரம்பித்தது. படம் விட்டு விட்டு நகரும். அவர் லாரி எங்கோ போய்விடும்.

மதுரையில் ஒரு கடையில் விசாரித்தேன். கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றலாம், அதையும் பழையதாக வாங்கலாம் என்று கணவரும் நானும் முடிவு செய்தோம். இருக்கிற பவர் சப்ளை தாங்குகிற கார்டு ஒன்றை மேலூரில் ஒருவர் விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார்.

விலை குறைவு. முதல் சந்தேகம் அதில்தான் வந்தது. படத்தில் கார்டின் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. மறுபக்கத்தைக் கேட்டேன், அனுப்பவில்லை. கிரிப்டோ காசு எடுக்க இராப்பகலாக ஓட்டித் தேய்ந்த கார்டுகளைத் துடைத்து விற்பார்கள் என்று கணவர் எச்சரித்திருந்தார். விற்பவரிடம், பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாமா என்றேன். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குத்தான் வர வேண்டுமாம். அவர் மனைவியிடம் போனில் பேசிய பிறகே பஸ் ஏறினேன்.

ஐம்பது வயதைத் தொடும் மனிதர். ஒரு கிரானைட் கம்பெனியில் டிசைன் வரைகிறவர். கார்டை அவருடைய கணினியில் மாட்டி ஓட்டிக் காட்டினார். படம் சுத்தமாக ஓடியது. ஆனால் கழற்றிக் கையில் கொடுத்த கார்டின் மறுபக்க ஓரத்தில் ஊதா நிற நகப்பாலிஷ் ஒரு பொட்டு இருந்தது. ரிப்பேர் கடைக்காரர்கள் வைக்கும் அடையாளமாக இருக்குமோ என்று நினைத்தேன். அவர் இல்லாதபோது நன்றாகப் பார்த்துவிடலாம் என்று குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் நாற்காலியை விட்டு அசையாமல் மனைவியைக் கூப்பிட்டுக் கொண்டுவரச் சொன்னார். அவருடைய கண் என் கையிலேயே இருந்தது.

நேராகவே கேட்டுவிட்டேன். “அண்ணே, இந்தப் பொட்டு எதுக்கு?”

“நான் வச்சதுதாம்மா. போன தடவ ஒருத்தன் டெஸ்ட் பண்ணிட்டு வாரேன்னு கொண்டு போயி, இதே மாதிரி செத்த கார்டு ஒண்ணக் கொண்டாந்து குடுத்துட்டான். அதான் வீட்டுக்கு வரச் சொன்னது. பொட்டு தெரிஞ்சா அதே மாதிரி வச்சுருவாய்ங்கன்னுதான் படமும் அனுப்பல.”

நான் அவரைச் சந்தேகப்பட்ட நேரமெல்லாம் அவரும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அது தெரிந்தும் இருவருக்கும் சந்தேகம் தெளியவில்லை. கார்டு கைக்கு வராமல் பணம் அனுப்ப எனக்கு மனசில்லை, பணம் வராமல் கார்டைத் தர அவருக்கு மனசில்லை. கடைசியில் பெட்டியின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் ஒரு கையால் போனில் பணம் அனுப்பினேன். அவர் போனில் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் பிடியை விட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், கார்டு உள்ளே போகவில்லை. கேபினெட்டுக்குள் இருந்த இடத்தை விட நீளம். இத்தனை சந்தேகப்பட்ட நான் அளந்து பார்க்க மறந்திருந்தேன். போன் செய்து, திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டேன்.

“நீ கொண்டாராதம்மா. அட்ரஸ அனுப்பு, நானே வாரேன்,” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார். வந்ததும் உட்காராமல் ஊதாப் பொட்டைத் தேடினார். விரல் நகத்தால் சுரண்டியும் பார்த்தார். இருந்தது. அப்புறம்தான் காபி வாங்கிக்கொண்டார்.

அவர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஹார்ட் டிஸ்க் உட்காரும் தகரத் தட்டு திருகாணியில்தான் நிற்கிறது என்பதைக் கவனித்தேன். அதைக் கழற்றினால் இடம் கிடைக்கும். சொன்னேன். கார்டில் கீறல் விழுந்தால் திருப்பி வாங்க மாட்டேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, போன் வெளிச்சத்தைக் காட்டினார். நானே திருகாணிகளைக் கழற்றித் தட்டை வெளியே இழுத்தேன். கார்டு சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ஹார்ட் டிஸ்க்கை ஓரமாக வைத்துப் பிளாஸ்டிக் டேக்கால் கட்டினோம்.

விளையாட்டில் கணவர் காத்திருந்தார். அவர் லாரிக்குப் பின்னாலேயே என் லாரியும் திணறாமல் போனது. மழை பெய்த ரோட்டில் அவருடைய பின்விளக்கின் சிவப்பு ஓடுவதை முதல்முறையாகப் பார்த்தேன். “என்ன, இன்னைக்குப் பின்னாடியே வார?” என்று கேட்டார். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

மேலூர்க்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பைப் போட்டவர் திரும்பினார். “தப்பா நெனைக்காதம்மா. ஒன் போன்ல இருக்குற எங்க வீட்டு அட்ரஸ அழிச்சுரு.”

அவர் பார்க்க அழித்தேன். பிறகு எங்கள் வீட்டு முகவரியையும் அழிக்கச் சொன்னேன். அவர் அழித்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.