வாசல் வரிசையா, கிளம்புகிற வரிசையா

வாயில் பிரஷ்ஷோடு மொட்டை மாடியில் நின்றபோதுதான் பளிச்சென்று தோன்றியது. எல்லோரும் அவரவர் வாசலில் வண்டி நிறுத்துவதால்தானே இத்தனை சண்டை? கிளம்புகிற வரிசையில் நிறுத்தினால் என்ன?

கீழே அன்றைய சண்டை சூடாக நடந்துகொண்டிருந்தது. மாநில எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. ஒரு வண்டி நின்றால் பின்னால் இருப்பது வெளியே வர முடியாது. கடைசி வீட்டு அக்கா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நைட் ஷிப்ட் முடித்து வந்த நடுவீட்டு அண்ணன், தன் வாசலில் காரை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். வேன் உள்ளே மாட்டிக்கொண்டது.

"ஏண்ணா, சாவியையும் போத்திக்கிட்டுத் தூங்குறீங்களா?" என்று அக்கா கேட்டைத் தட்டினார்.

"என் வாசல், என் காரு. ராத்திரி பூரா மிஷின்ல நின்னவன் தூங்கக்கூடாதா?"

கோபம் ஏறினால் அண்ணன் கன்னடத்துக்கும் அக்கா தெலுங்குக்கும் தாவிவிடுவார்கள். எனக்கு இரண்டுமே புரியும் என்பதால் ஒரு வரிகூட வீணாவதில்லை. ஆனால் அன்று அக்காவின் குரல் உடைந்திருந்தது. இன்னொரு தடவை லேட்டானால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்களாம்.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன். "அக்கா, நீங்கதான் முதல்ல கிளம்பறீங்க. இன்னிலேர்ந்து தெருமுனையில எங்க வாசல்ல நிறுத்துங்க!"

"நம்ம வாசல்லயா?" அம்மா எட்டிப் பார்த்தார். "வேனுக்கு அடியில படுத்துக்கிட்டா நான் கோலம் போடறது?" என்றாலும், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சம்மதித்துவிட்டார். அண்ணனும் முணுமுணுத்துக்கொண்டே காரை எடுத்து வேனுக்கு வழிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஹாரன் சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. வேன் முனையை அடைத்து நிற்க, வெளியே மெயின் ரோட்டில் அண்ணனின் கார். அதன் பின்னால் ஒரு சிமெண்டு லாரி.

"ஏம்மா இன்ஜினியரு, உன் பிளான்ல நான் வீட்டுக்கே வர வேண்டாமா?"

கிளம்புவதை மட்டும் யோசித்திருந்தேன். ஷிப்ட் முடிந்து ஒருவர் திரும்பியும் வருவார் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. அக்கா பாதிப் பின்னலோடு ஓடிவந்து வேனை எடுத்தார். "எடுத்தது எடுத்தாச்சு, இப்பிடியே போயிடறேன். இன்னிக்கு ஸ்கூல்ல கேட் திறக்கறதே நாந்தான்!" அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டேன். கம்பெனி கேட்டைத் தாண்டும்போது அண்ணன் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவர் முனைக்கு வருவதற்குள் அக்கா வேனை வெளியே எடுத்து டீக்கடை ஓரம் நிறுத்திவிடுவார். கார் உள்ளே போனபிறகு, நிதானமாகப் பின்னல் போட்டுக்கொண்டு, தன் நேரத்துக்குக் கிளம்பலாம்.

"அடுத்த வாரம் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு, வேனுக்கு முன்னாடி நான் கிளம்பணும். அப்ப என்ன பண்ணுவ?" என்றார் அண்ணன்.

அதை ஞாயிற்றுக்கிழமை யோசித்துக்கொள்ளலாம். நாளைக்கு மிஸ்டு கால். வேன் நகர்ந்த இடைவெளியில் வேறு யாரும் வண்டியைச் செருகிவிடாமல் பார்த்துக்கொள்ள, நான் முனையில் நிற்கப் போகிறேன்.