சிரிக்காத நாற்பது நாள்

நகைச்சுவையில் எனக்குப் பத்து வயதிலேயே கறாரான அபிப்பிராயங்கள் இருந்தன. தொண்ணூறுகளின் பிற்பகுதி. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்த புதிது. ஞாயிறு காலைப் பூசை முடிந்து திரும்பினால், படங்களிலிருந்து சிரிப்புக் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து ஒரு மணி நேரம் போடுவார்கள். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் கொடுப்பேன். தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பவருக்கு இரண்டு மார்க் குறையும். சேற்றில் விழுவதற்கும் உதை வாங்குவதற்கும் முட்டைதான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நம்மைச் சிரிக்க வைப்பவருக்கு மட்டுமே எட்டுக்கு மேல். இன்றைக்கும் என் கொள்கையில் மாற்றமில்லை.

எதிர்க்கட்சி, மாமா. அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். அடுகோடி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. திரையில் யாராவது வழுக்கினால் போதும், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார்.

"மனுசன் விழறதுதான் டீச்சர் காமெடி. மத்ததெல்லாம் வெறும் பேச்சு" என்பார். மார்க் போட ஆரம்பித்த நாளிலிருந்து நான் அவருக்கு டீச்சர்.

நாங்கள் ஒத்துப்போனது ஒரே காட்சியில். கொட்டும் மழையில் வேலைக்காரன், முதலாளியின் குடையையே அவருக்கு இரவல் கொடுத்துவிட்டு, "நனைக்காம திருப்பித் தரணும்" என்று கண்டிப்பாகச் சொல்வான். அதற்கு இருவருமே பத்துக்குப் பத்து.

அந்த வருடம் மாமாவுக்குத் துபாய் விசா வரவேண்டும் என்று வீடே ஜெபித்துக்கொண்டிருந்தது. வீடு என்றால் அம்மா. "இந்த லேத்துக்கிட்டயே நின்னு கிழவனாயிடுவியாடா? என் ஒரே தம்பி நல்லா இருக்க வேணாமா?" என்று கேட்பாள். மாமா "சரிக்கா" என்பார். காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவார், போட்டோ எடுக்கச் சொன்னால் போய் எடுத்துக்கொண்டு வருவார். அக்கா பேச்சுக்கு அவரிடம் வேறு பதில் கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் முன், மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் யார் யார் எதை விடப்போகிறீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவள் பாகற்காயை விடுவதாகச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். உயிராக நினைப்பதை விட்டால்தான் அது ஒறுத்தல் என்றார் சிஸ்டர். நான் எழுந்து நின்று, ஈஸ்டர் வரை காமெடி பார்க்க மாட்டேன், சிரிக்கவும் மாட்டேன், என் மாமாவுக்கு விசா வரவேண்டும் என்றேன்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா மட்டும், "சிரிக்காமயா? நீயா?" என்றார்.

முதல் ஞாயிறு அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அடுத்த வாரம் சட்டம் பேசிக்கொண்டு வந்தார்.

"ஃபாதர்கிட்டயே கேட்டுட்டேன் டீச்சர். ஞாயித்துக்கெழம தவக்காலக் கணக்குலயே வராதாம். வேணும்னா எண்ணிப் பாரு, ஞாயிற விட்டாத்தான் நாப்பது வருது. நீ தாராளமா பாக்கலாம்."

காலண்டரை எடுத்து எண்ணினேன். அவர் சொன்னது சரி. ஆனாலும் நான் அசையவில்லை.

"நேர்ந்துக்கிட்டது நேர்ந்துக்கிட்டதுதான் மாமா."

"தனியா உக்காந்து பாக்க பேஜாரா இருக்குது டீச்சர்."

அதற்கும் நான் மசியவில்லை. பிறகு அவரே காமெடியனாகிவிட்டார். பட்டறையிலிருந்து கை கால் எல்லாம் கிரீஸோடு வருவார். வந்ததும் வாசலில் வாளியில் இடறி விழுவார். பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவார். ஒரு நாளும் விட்ட பாடில்லை. நான் "முட்டை" என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்தைப் பார்ப்பேன். "புள்ளையோட நேர்ச்சையக் கெடுக்காதடா" என்று அம்மா திட்டினால், "சரிக்கா" என்று போய்விடுவார். மறுநாள் திரும்பவும் விழுவார். மனுஷர் ஏன் இப்படிப் படுத்துகிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா சிலுவைப் பாதை ஜெபத்துக்குக் கிளம்பினார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. மாமா அப்பாவின் குடையைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "மச்சான், நனைக்காம கொண்டாந்து குடுக்கணும்" என்றார். அப்பா ஒன்றும் புரியாமல் "ஆகட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

நான் குளியலறைக்கு ஓடிக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். வயிறு வலித்தது. வெளியே வரும்போது முகத்தைக் கழுவி இறுக்கமாக வைத்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் விசா நின்றுபோகும் என்று பயம்.

விசா ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் வந்தது. எல்லாம் என் நேர்ச்சையின் பலன் என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஈஸ்டர் அன்று பிரியாணிக்கு முன்னால் டிவியைப் போட்டு, நாற்பது நாள் பாக்கிக்கும் சேர்த்து உருண்டு புரண்டு சிரித்தேன். ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். மாமா சிரிக்கவில்லை. டிவியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஒரு காலை வேளையில், பம்பாய் ரயிலில் அவரை ஏற்றிவிடப் போனோம். அங்கிருந்து விமானம். அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் மாமா என் முன்னால் குனிந்தார்.

"உண்மையச் சொல்லு டீச்சர். அத்தினி நாள்ல ஒரு தடவகூட நீ சிரிக்கலையா?"

"ஒரு தடவகூட இல்ல மாமா."

"கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அதைப் பாராட்டு என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். போக மனமில்லை என்று அக்காவிடம் சொல்ல வாய் வராத ஒருவர், என் ஒரு சிரிப்பை நம்பி அத்தனை நாள் விழுந்து எழுந்திருக்கிறார். அது புரிந்தபோது எனக்கு அழுகை வந்தது. இப்போதும் அவர் ஃபோனில் "என்னா டீச்சர், எத்தினி மார்க்கு?" என்று கேட்கிறார். குளியலறையில் சிரித்ததை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.