மாட்டு மருந்துக்கு ஒரு செடி

இடஒதுக்கீடு கேட்டு, மரங்களை வெட்டிச் சாலையில் போட்டுப் போராடிய சமயம். தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் ஊர் ஆண்கள், என் கணவர் உட்பட, போலீசுக்குப் பயந்து கரும்புக் கொல்லைகளில் ஒளிந்திருந்தார்கள். வீட்டில் நான், கைக்குழந்தை, மாமியார்.

தேடி வந்த சப்-இன்ஸ்பெக்டர் தோட்டத்துச் செடியொன்றின் இலையைக் கசக்கி முகர்ந்தார். கஞ்சாச் செடி. மாட்டுக்கு வயிறு உப்பினால் அரைத்துக் கொடுக்க, கல்வராயன் மலையிலிருந்து மாமியார் கொண்டுவந்து நட்டது. மருந்துதானே என்று நானும் தண்ணீர் ஊற்றிவந்தேன்.

"இன்னாம்மா, புதுச் சட்டம் தெரியாதா? அஞ்சு வருசம் உள்ள போவணும். யாரு வெச்சது, உம் புள்ளயா?" என்று மாமியாரிடம் கேட்டார்.

"அய்யோ, எம் புள்ள இல்லீங்க! இவதான் தண்ணி ஊத்தி வளக்கறா" என்றார் மாமியார்.

"அப்ப சாட்சிக்கு ரேகை வை."

மாமியார் உடனே கட்டைவிரலை நீட்டினார். குழந்தை அப்போது என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமாம்; மாமியாரோடு இன்னும் ஒருவர். தெருவில் ஆண்களே இல்லை. பெண்கள் கதவைத் திறக்கவில்லை. "ஊரு ஆம்பளைங்க ஓடிப்போனதால நீ பொழச்ச" என்று சொல்லி, செடியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு மாட்டுக்கு உப்புசம் என்றால் கள்ளக்குறிச்சி கால்நடை ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டிப்போனேன். வெயிலானாலும் குழந்தையை மாமியாரிடம் விடவில்லை. இடுப்பிலேயே தூக்கிப்போனேன்.