இதயம் நீங்கலாக

ஜெர்மனிக்குப் போன புதிதில் காய்ச்சலோடு ஒரு மருத்துவரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "காஸ்ஸே?" என்றாள். இங்கேயும் முதலில் காசைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. குரலை உயர்த்தி மறுபடியும் "காஸ்ஸே?" என்றாள். க்ராங்கன்காஸ்ஸே என்றால் மருத்துவக் காப்பீடு, அதன் அட்டையைத்தான் கேட்கிறாள் என்று பின்னால் நின்ற துருக்கிக்காரர் சைகையில் புரியவைத்தார். அந்த நாட்டில் எல்லாரும் ஏதாவதொரு காப்பீட்டில் இருந்தாக வேண்டும். சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் குழந்தை பிறந்தால், தனியாக எதுவும் வாங்காமல் அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நானும் என் கணவர் குமாரும் மாதம் தவறாமல் கட்டிவந்தோம். அதனால் குழந்தை பிறக்கும்போது இதைப் பற்றிய கவலையே இருக்காது என்று நம்பியிருந்தேன்.

ஆனால் என் மகள் பிறந்தது என் சொந்த ஊரான உத்திரமேரூரில். பிரசவத்துக்கு அம்மாவை ஜெர்மனிக்கு அழைத்துக்கொள்ள விசா கேட்டோம். அவர் திரும்பிப் போவார் என்பதற்கு உறுதியில்லை என்று மறுத்துவிட்டார்கள். நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவையும் இரண்டு கறவை மாடுகளையும் விட்டுவிட்டு என் அம்மா ஜெர்மனியில் குடியேறிவிடுவாராம்! வேறு வழியில்லாமல் ஏழாம் மாதத்தில் நானே கிளம்பி வந்தேன். குமாருக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

குழந்தை பிறந்த மறுநாள் மருத்துவர் அதன் நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். "இதயத்துல சின்ன ஓட்டை இருக்கிற மாதிரி தெரியுதும்மா. நிறைய பிள்ளைங்களுக்குத் தானா மூடிக்கும். மூடலைன்னா ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்" என்றார். செங்கல்பட்டுக்குத் தூக்கிப்போய் ஸ்கேன் எடுத்தோம். ஓட்டை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜெர்மன் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வாழ்த்துச் சொன்ன பெண், குழந்தை யாரோடு இருக்கிறது என்று கேட்டாள். என்னோடு என்றேன். "அப்படியானால் பிரச்சினையே இல்லை" என்று மகிழ்ந்தாள். நான் இந்தியாவில் இருக்கிறேன் என்று சொன்னதும் கணினியில் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஜெர்மனிக்கு வந்து முகவரி பதிந்த பிறகுதான் சேர்க்க முடியும் என்றாள். "அதுவரை?" என்றேன். "அதுவரை அவள் எங்களுக்கு இன்னும் இல்லை" என்றாள். இந்தப் பக்கம் என் மகள் பாலுக்கு வீறிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் போனில் பேசியவளுக்கும் கேட்டிருக்கும்.

சரி, அவர்களுக்குத்தான் இல்லை, பிறந்த மண்ணிலாவது இருக்கிறாளே என்று பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த ரவியைக் கூப்பிட்டேன். இப்போது காப்பீட்டு முகவராக இருக்கிறான். சிரிக்கும் குழந்தைகளின் படம் போட்ட வழுவழுப்பான தாள்களைப் பரப்பி, எதில் மருத்துவமனை அறை வாடகைக்கு வரம்பு உண்டு, எதில் இல்லை என்று விளக்கினான்.

"ஆனா ஒண்ணு கீதுக்கா. கொயந்தைக்கு மூணு மாசம் ஆவணும். அப்பதான் சேத்துக்குவாங்க."

"அதுக்குள்ள எதனா ஆச்சுன்னா?"

"ரூல் அப்பிடி கீது. நான் இன்னா பண்றது?"

பிறந்த குழந்தைக்கு ஆபத்து அதிகமான மாதங்கள் எவையோ அவற்றைத் தள்ளிவிட்டு, அது தப்பிப் பிழைத்த பிறகு வாருங்கள் என்பதற்குப் பெயர் காப்பீடா? அந்த மூன்று மாதமும் அவள் பால் குடிக்கையில் மூச்சிரைக்கிறதா, உதடு நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அரசுக் காப்பீட்டு அட்டைக்கு எங்கள் வருமானம் அதிகம் என்றார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கத் தயாராக இருந்தவளுக்கும் வழியில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் ரவி விண்ணப்பத்தோடு வந்தான். ஸ்கேன் முடிவைக் காட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இத்த எய்தாத. ஒண்ணும் இல்லன்னு போட்டுடலாம். எய்தினா பேஜாராயிடும்."

அன்று மாலை போனில் குமாரும் அதையே சொன்னார். "அவன் சொல்றா மாதிரி போட்டுடேன், தேவி. கையில ஒண்ணு இருந்தா நிம்மதி."

"இன்னா நிம்மதி? நாளைக்கு ஆபரேஷன்னு போய் நிப்போம். மறைச்சிட்டீங்கன்னு கைய விரிப்பான். அப்போ இவள எங்க தூக்கிக்கினு ஓடறது?" என்று கத்தினேன். குமார் ஸ்கேன் முடிவை இன்னொரு தடவை படித்துக் காட்டச் சொன்னார். பிறகு, "எய்திடு" என்றார்.

எழுதினேன். சில வாரங்களில் பதில் வந்தது. குழந்தையைச் சேர்த்துக்கொள்கிறார்களாம், இதயமும் இதயம் சார்ந்த எந்தச் சிகிச்சையும் நீங்கலாக. ரவி தலையைக் குனிந்துகொண்டு படித்துக் காட்டினான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த நைனா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"கை, காலு, காது எல்லாத்துக்கும் குடுப்பான். நெஞ்சுக்கு மட்டும் குடுக்கமாட்டானா? ஏன்டா ரவி, அத்த வுட்டுட்டு மிச்சத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?"

ரவி கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். வைத்த காபியைக் குடிக்காமலே போனான்.

அந்தப் பாலிசியை நான் எடுக்கவில்லை. ஆனால் குழந்தைக்கு ஜெர்மன் விசா வாங்கவே பயணக் காப்பீடு கட்டாயம். அதிலும் ஏற்கெனவே உள்ள நோய்கள் நீங்கலாக என்றுதான் இருந்தது. அதை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். புறப்படுமுன் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மறுபடி ஸ்கேன் பார்த்தார்கள். ஓட்டை சிறுத்திருக்கிறது, பயப்படாமல் விமானத்தில் போகலாம் என்றார்கள். என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

ஜெர்மனியில் முகவரி பதிந்த சில நாட்களில் அவள் பெயர் போட்ட அட்டை தபாலில் வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன் செய்து, குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருக்கிறது, அதை உங்களிடம் எழுதித்தர வேண்டாமா என்று கேட்டேன்.

"எங்களிடம் எதற்கு? மருத்துவரிடம் சொல்லுங்கள்" என்றார் பேசியவர்.

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுவதும் ஆத்திரம் அடங்கவில்லை. அதே குழந்தை, அதே நெஞ்சு. நடுவில் மாறியது ஒரு முகவரி மட்டும்தான். விமானம் ஏற முடிந்ததால் என் மகளின் இதயம் கணக்கில் வந்தது. உத்திரமேரூரிலேயே வளரும் குழந்தைகளின் இதயம் மட்டும் எதில் குறைந்துபோயிற்று? ஜெர்மனிக்காரர்களும் பெருமை பேச வேண்டாம். வந்து சேரும்வரை அவள் இவர்களுக்கும் இல்லாதவளாகத்தானே இருந்தாள்?

குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். உதவிக்கு இருந்த பெண், என் மகளின் சட்டையைக் கழற்றி, இடது தோளுக்குக் கீழே இருந்த சின்னத் தழும்பைத் தடவிப் பார்த்து, பூச்சி கடித்ததா என்று கேட்டாள். இல்லை, பிறந்த அன்றே எங்கள் ஊரில் போட்ட காசநோய்த் தடுப்பூசி என்றேன். "இங்கே இதைப் போடுவதில்லை" என்றாள். அந்த ஊசி போட வந்த நர்ஸ் என்னிடம் எந்த அட்டையும் கேட்கவில்லை, எந்த முகவரியும் கேட்கவில்லை. இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் சட்டைக் கையைச் சுருட்டி, அதே இடத்தில் இருந்த என் தழும்பைக் காட்டினேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, மருத்துவர் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு என் மகளின் நெஞ்சில் வைத்தார்.