எழுதிக் கொடுத்ததும் சொன்னதும்

கல்வி அலுவலகத்தில் ஆறு வருடம் ஒரு பெண் அதிகாரியின் கீழ் கிளார்க்காக இருந்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி மலையாள நாட்டுக்குக் கட்டட வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகள் மணல் குவியலில் விளையாடுவதைக் கண்டால் ஜீப்பை நிறுத்திவிடுவார். பக்கத்துப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் அலுவலகம் வருவார். சான்றிதழ் எதுவும் இல்லையே என்று நான் கோப்போடு போய் நிற்பேன்.

“பேப்பர் பின்னால வரட்டும். கொழந்தை நாளைக்குக் கிளாஸ்ல இருக்கணும்,” என்பார், அவருடைய ஸ்ரீவராகத்து அக்கிரகாரத் தமிழில்.

மாணவர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுகிறார் என்று யாரோ புகார் எழுதினார்கள். விசாரிக்க வந்த மேலதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். என் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. விதிகளை நான் எடுத்துச் சொல்லியும் மேடம் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பல வருடம் அதையே சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அவரைப் பாடப்புத்தகக் கிடங்குக்கு மாற்றினார்கள். பிள்ளைகளைச் சான்றிதழ் கேட்டு வெளியே அனுப்பினார்கள். அந்த உத்தரவுகளை டைப் செய்தது நான். பிறகு ஒருநாள் வேலையாகக் கிடங்குக்குப் போனபோது, வாக்குமூலத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தக் கொழந்தைகள்லாம் ஸ்கூலுக்குப் போறதோல்லியோ?”

“போகுது மேடம்,” என்றேன்.

போன மாதம் அவருக்கு நினைவுக் கூட்டம். விசாரணை நடத்திய அதே மனிதர் அரை மணி நேரம் மலையாளத்தில் அவரைப் புகழ்ந்தார். தமிழில் இரண்டு வார்த்தை பேச என்னைக் கூப்பிட்டார்கள். நன்றாகவே பேசினேன். கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவருடைய மகள் என்னிடம் வந்தார். “கொழந்தைகள் படிக்கறதுன்னு நீங்க சொன்னேளாம். கடைசிவரைக்கும் அம்மாக்கு அதான் சமாதானம், கேட்டோ. அதுல யாரையாவது ஒருத்தரை நான் பாக்க முடியுமா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டேன்.

இதுவரை இரண்டு முறை போன் செய்துவிட்டார். நான் எடுக்கவில்லை.