கத்திரிக்கோலுக்கு வந்த ஆபத்து

தையல்காரரின் கத்திரிக்கோல் துணியைத் தவிர வேறெதையும் வெட்டக்கூடாது, வெட்டியவர் தொலைந்தார். சுவரில் மாட்டிய தீயணைப்பானின் பாதுகாப்புப் பின்னை யாரும் விளையாட்டாக உருவிவிடக் கூடாதென்று, அதைப் பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

ஒருநாள் இஸ்திரிப்பெட்டி சாய்ந்து, துண்டுத்துணிக் கூடை பற்றிக்கொண்டது. தையல்காரர் முடிச்சோடு மல்லுக்கட்டினார். பல்லால் கடித்தும் பார்த்தார். மனைவி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தாள்.

“அடியே, அதத் தொடாத!”

“கடையே பத்தி எரியுது, உங்களுக்குக் கத்திரிக்கோல் கவலை!”

கயிற்றை வெட்டி, பின்னை உருவி, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, தீயின் அடியைப் பார்த்து இடவலமாகப் பொடியை அடித்தாள். தீ அடங்கியது. பொடியில் குளித்து நின்றவர் கத்திரிக்கோலைத் தடவிப் பார்த்து, “மழுங்கிப் போச்சு” என்று முனகினார்.

மறுநாள் தீயணைப்பானில் கயிறு இல்லை. கத்திரிக்கோலைத்தான் மேசையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.