ஊசிப்போனதைச் சொன்னவர்

அண்டாவின் மூடியைத் திறந்ததும் சாம்பார் சாதத்தின் மேல் சின்னச் சின்ன நுரை தெரிந்தது. நல்லூரில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த பனியன் கம்பெனியில், முதலாளியின் புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு மறுநாள் மதியம் அது. முந்தின நாள் விருந்தில் மிஞ்சியதை முதலாளியம்மாவே வண்டியில் கொண்டுவந்து, கரண்டியும் கையுமாக நின்றார். இன்றைக்கும் யாராவது ஒரு பாத்திரத்தைத் திறந்தால் முதலில் குனிந்து முகர்ந்து பார்க்கிறேன்.

எங்கள் பக்கம் மாவு புளித்துப்போகும், பழைய முறுக்கில் சிக்கு வாடை வரும். மூக்கைச் சுளித்துக்கொண்டாவது தின்றுவிடலாம். ஊசிப்போச்சு என்று சொல்லிவிட்டால் கொட்டத்தான் வேண்டும். அதனால் அந்தச் சொல்லை நம் வீட்டுச் சட்டிக்குத்தான் தாராளமாகச் சொல்வோம். அடுத்த வீட்டார் கொடுத்தது என்றால் "வாடை லேசா மாறிருக்குதுங்க" என்று இழுப்போம். சம்பளம் கொடுக்கிறவர் வீட்டுச் சோற்றுக்கு எதுவுமே சொல்வதில்லை. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனாலும் மீறிப் பார்த்தால் தெரியும்.

செக்கிங் டேபிளில் எனக்கு எதிரில் நிற்கும் அக்கா மீறினார். பதினைந்து வருடமாகத் துணியில் ஓட்டை, கறை கண்டுபிடித்த கண் அவருடையது, மூக்கும் அப்படித்தான். "ஊசிப்போச்சுங்கம்மா. ஆரும் வாயில வெக்க வேண்டாங்க" என்றார், சட்டையில் கறை இருக்கிறது என்று சொல்லும் அதே குரலில். தட்டோடு நின்ற முப்பது பேரும் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். முதலாளியம்மாவின் முகம் சிவந்தது. வரிசையில் முதல் ஆளாக நின்ற என் பக்கம் திரும்பி, "நீ மோந்து பாத்துச் சொல்லு கண்ணு" என்றார்.

நான் சேர்ந்து மூன்றே மாதம். வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஒருத்தி சம்பளம்தான். குனிந்து முகர்ந்தேன். வெந்த பருப்பு அழுகிய அந்த நாற்றம் தொண்டை வரைக்கும் இறங்கியது.

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

மளமளவென்று தட்டுகள் நீண்டன. என் பங்கை யாரும் பார்க்காமல் கைகழுவும் இடத்துச் சாக்கடையில் கொட்டினேன். அன்று மதியம் என் கண் துணியில் இல்லை. யார் எழுந்து கழிவறைக்குப் போகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டினேன். நாலு மணிக்கு மடிக்கும் பிரிவில் இருந்த ஒடிசாப் பெண் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள், அடுத்து இன்னும் இரண்டு பேர். அக்காதான் உப்பும் சர்க்கரையும் கரைத்து ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டினார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார்.

பஸ் ஸ்டாப்பில் அக்கா திட்டுவார் என்று பயந்து தள்ளியே நின்றேன். அவராக என்னிடம் வந்து தோளைத் தொட்டார்.

"நீயும் அதத் தின்னுட்டயா கண்ணு?"

"இல்லீங்கக்கா."

அவர் முகம் அப்படியே தெளிந்தது. "நல்லதாப் போச்சு போ. உம்பட புள்ளைகளுக்கு வேற ஆரு இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.